பழைய கரோலாவுக்கு வேற எஞ்சின்: கேள்வி பதில்

பின்சக்கர ஓட்டமுள்ள பழைய டொயோட்டா, பெற்றோல் எஞ்சின் பற்றி மட்டும் கேளுங்க. டீசலும் ஹைபிரிட்டும் என்ட வேலை இல்ல.

கேள்வி (வெள்ளவத்தை): அண்ணா, என்னட்ட 4கே எஞ்சினோட ஒரு கே.இ. 70 (பின்சக்கர ஓட்டக் கரோலா) இருக்கு. பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடையில ஏ.இ. 92-இன்ட (முன்சக்கர ஓட்டக் கரோலா) 4ஏ-ஜிஇ எஞ்சின் ஒன்று பாத்து வைச்சிருக்கிறன். அப்பிடியே ஏத்தலாமோ?

பதில்: அப்படியே ஏறாது தம்பி. அது முன்சக்கர ஓட்டத்துக்குக் குறுக்கா கிடந்த எஞ்சின். உங்கட காரில நெடுக்கா உட்கார வேணும்.

முதல்ல கியர்பாக்ஸைத் தேடுங்க. 4கே-யின் பெல்ஹவுசிங் (கியர்பாக்ஸை எஞ்சினோட பூட்டுற கூடு) 4ஏ-ஜிஇ சேர்ந்த ஏ வரிசை பிளாக்கில பொருந்தாது. ஏ.இ. 86-இன் (ஏ வரிசை எஞ்சின் நெடுக்கா கிடக்கிற பின்சக்கர ஓட்டக் கரோலா) டி50 கியர்பாக்ஸ், பெல்ஹவுசிங், கிளச் ஃபோர்க் மூன்றும் ஒரே செட்டா கையில வந்த பிறகு எஞ்சினுக்குக் காசு கட்டுங்க. கிடைக்காட்டி எஞ்சினை அங்கேயே விட்டிட்டு வாங்க.

அடுத்தது கிராங்கின் (எஞ்சின் சுழல்தண்டின்) பின்முனை. டி50-இன் இன்புட் ஷாஃப்ட் நுனி அங்க ஒரு சின்ன பைலட் பேரிங்கில உட்கார வேணும். முன்சக்கர எஞ்சினுக்கு அது தேவைப்படாததால பெரும்பாலும் இருக்காது. டார்ச் அடிச்சுப் பாருங்க, வெறும் குழியா இருந்தா லேத்காரரிடம் அளவு எடுத்துப் போட்டிட்டுத்தான் கியர்பாக்ஸை ஏத்த வேணும். மறந்தா கிளச்சை மிதிச்சும் கியர் கரகரக்கும், கொஞ்ச நாளில இன்புட் பேரிங்கும் சத்தம் போடும். ஃப்ளைவீல் (கிராங்கின் பின்முனையில பூட்டுற பாரச் சில்லு) வாங்க முன்னம் கிராங்கின் போல்ட் ஓட்டைகளை எண்ணிப் பாருங்க. எல்லா 4ஏ-க்கும் ஒரே எண்ணிக்கை இல்ல.

தண்ணி வெளியேறுற குழாய் ஃப்ளைவீல் பக்கம் இருக்கும், ஃபயர்வோலில (எஞ்சின் அறைக்கும் காரின் உள்பக்கத்துக்கும் இடையில இருக்கிற தகட்டில) இடிக்கும். அதை முன்னுக்குத் திருப்ப வேணும். 4ஏ-ஜிஇ-யின் 20 வால்வ் வகை என்றா டிஸ்ட்ரிபியூட்டரும் (பிளக்குகளுக்கு மின்சாரம் பிரிக்கிறது) அதே இடத்தில இடிக்கும்: ஒன்றில் தகட்டை உள்ளுக்குத் தட்ட வேணும், இல்லாட்டி தனி இசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்துற கணினி) போட்டு கொயில் பேக்குக்கு மாற வேணும்.

பெற்றோல் லைனையும் சொல்லிட வேணும். காபரேட்டர் பம்பின் அழுத்தம் இன்ஜெக்டருக்குக் காணாது. 3 பார் அளவில தள்ளுற மின் பம்பும் இன்ஜெக்ஷனுக்கான ஹோஸும் டாங்குக்குத் திரும்புற லைனும் வேணும். சாதாரண ஹோஸைக் கிளிப் போட்டு இறுக்கினா எஞ்சின் அறைக்குள்ள பெற்றோல் பீச்சும்.

இதெல்லாத்துக்கும் முன்னம் பிரேக். முன் ஸ்ட்ரட்டும் டிஸ்க்கும் ஏ.இ. 86-இல இருந்து மாத்துங்க.

கேள்வி (வத்தளை): மொத்தமா எவ்வளவு முடியும்?

பதில்: சாமான் விலை கிழமைக்குக் கிழமை மாறுது. பஞ்சிகாவத்தையில மூன்று கடையில கேளுங்க.

கேள்வி (தெஹிவளை): 4கே-க்குப் பதிலா 5கே போட்டா வேலை குறைவா?

பதில்: மிகக் குறைவு. காரை நாளாந்தம் ஓடுறவருக்கு நான் இதைத்தான் சொல்லுவன். 1290 சிசி-யில இருந்து 1486-க்குப் போறீங்க, கியர்பாக்ஸ் அப்படியே பூட்டும். லைட்ஏஸ், டவுன்ஏஸில இருந்து கழட்டின எஞ்சின் என்றா உங்கட 4கே-யின் சம்ப் (அடி ஆயில் தொட்டி), ஆயில் பிக்கப் (ஆயில் உறிஞ்சுற குழாய்), மவுண்ட் பிராக்கெட் மூன்றையும் அதுக்கு மாத்துங்க. பிந்தின 5கே-யில ஹைட்ராலிக் லிஃப்டர் (ஆயில் அழுத்தத்தில வேலை செய்யிற வால்வ் தூக்கி) இருக்கும். அதன் புஷ்ரொட்டைப் பழைய சாதா லிஃப்டரோட கலக்க வேணாம்.

வாங்க முன்னம் கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள்ள அழுத்தம்) பாருங்க: நாலு பிளக்கையும் கழட்டி, திரொட்டிலை முழுக்கத் திறந்து, நல்ல பட்டரியில சுத்துங்க. சிலிண்டர்களுக்கிடையில 14 பிஎஸ்ஐ-க்கு மேல வித்தியாசம் இருந்தா குறைஞ்சதுக்குள்ள ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டுத் திரும்பப் பாருங்க. அழுத்தம் ஏறினா பிழை ரிங்கில, ஏறாட்டி வால்வில அல்லது கேஸ்கெட்டில.

கேள்வி (கொட்டாஞ்சேனை): 4ஏ-ஜிஇ போட்ட பிறகு காலி வீதி நெரிசலில வெப்ப ஊசி ஏறுது. கராஜ் பாஸ் தெர்மோஸ்டாட்டை (தண்ணி சூடான பிறகு ரேடியேட்டருக்கு விடுற வால்வை) கழட்டி எறிஞ்சிட்டார். இன்னும் ஏறுது.

பதில்: ஏறத்தான் செய்யும். அதைத் திரும்பப் போடுங்க. இந்த எஞ்சினின் தெர்மோஸ்டாட்டுக்குப் பின்னால ஒரு பைபாஸ் வால்வ் இருக்கு. சூடானதும் முன் வால்வ் திறக்கும்போது பின்னது பைபாஸை மூடும். கழட்டினா பைபாஸ் எப்பவும் திறந்தே கிடக்கும், தண்ணியில ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாம சுத்திக்கொண்டிருக்கும்.

கேள்வி (மட்டக்குளி): மன்னிக்க வேணும், கொழும்பு வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதுக்கு? அது குளிர் நாட்டுக்காரனுக்கு. எங்கட கராஜில எல்லாத்திலயும் கழட்டித்தான் விடுறம்.

பதில்: ஐயா, வெளியில 32 பாகை, எஞ்சினுக்கு வேண்டியது 80-க்கு மேல. எங்கட வெயில் எஞ்சினுக்குக் குளிர்தான். தண்ணி சூடாகாட்டி இசியூ எஞ்சின் இன்னும் குளிரா இருக்கு என்று நினைச்சுப் பெற்றோலைக் கூட ஊத்தும். பிறகு புகைப் பரிசோதனையில தவறி நிப்பீங்க.

கேள்வி (மட்டக்குளி): தெர்மோஸ்டாட் இறுகி மூடிப் போனா சூட்டில எஞ்சின் ஹெட் போயிடுமே?

பதில்: அந்தப் பயம் நியாயம். அதனால கண்ணுக்கு முன்னால சோதிச்சுப் போடுங்க. தெர்மோஸ்டாட்டையும் வெப்பமானியையும் கேத்தல் தண்ணிக்குள்ள தொங்க விட்டுச் சூடாக்குங்க. 80–84 பாகையில திறக்கத் தொடங்க வேணும், 95-இல 8 மில்லிமீற்றராவது தூக்க வேணும். தூக்காட்டி எறிங்க, புதுசு போடுங்க.

கொட்டாஞ்சேனைக்காரருக்கு: நிக்கும்போது ஏறி ஓடும்போது இறங்கினா பிழை ஃபேனில அல்லது ஷ்ரவுட்டில (ஃபேனைச் சுத்தின கூடு). ஓடும்போதும் ஏறினா ரேடியேட்டர் கோர் அடைச்சிருக்கு.

கேள்வி (பம்பலப்பிட்டி): தெர்மோஸ்டாட்டுக்கு நடுவில ஓட்டை போட்டு வைக்கலாமா?

பதில்: வேணாம். மேல இருக்கிறதை வாசிங்க.

கேள்வி (தெமட்டகொடை): டிஃப்பை (பின் அச்சு கியர் கூட்டை) திறக்காம அதன் விகிதத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பதில்: நல்ல கேள்வி. நியூட்ரலில வைச்சு ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கில தூக்குங்க. மற்றது தரையில, கட்டை வைச்சு, அசையக்கூடாது. தூக்கின சக்கரத்தைச் சரியா இரண்டு சுத்து சுத்தி, புரொப்பெல்லர் ஷாஃப்ட்டில (கியர்பாக்ஸில இருந்து டிஃப்புக்குப் போற தண்டு) சோக்கால கோடு போட்டு அது எத்தனை சுத்து என்று எண்ணுங்க. 4 சுத்தும் கொஞ்சமும் என்றா 4.1. 175/70 ஆர் 13 டயரோட, 4.1 டிஃப்பில, மணிக்கு 80-இல நாலாம் கியருக்கு 3000 ஆர்பிஎம் அளவு வரும். டி50-இன் ஐந்தாம் கியர் 0.861, அதில 2600.

கேள்வி (கிராண்ட்பாஸ்): எவ்வளவு செலவு வரும் அண்ணா?

பதில்: வத்தளைக்குச் சொன்னதுதான்.

கேள்வி (நாவல): எஞ்சின் மாத்தினதை வாகனப் பதிவுப் புத்தகத்தில மாத்த வேணுமா?

பதில்: கட்டாயம். எஞ்சின் இலக்கமும் கொள்ளளவும் பதிவுச் சான்றிதழில இருக்கு. எஞ்சின் வாங்கேக்குள்ளயே இறக்குமதிச் சுங்க ஆவணத்தின் பிரதியையும் பற்றுச்சீட்டையும் கேட்டு வாங்குங்க, பிளாக்கில குத்தின இலக்கத்தோட ஒத்துப் பாருங்க. "பிறகு தாறன்" என்கிற கடையில வாங்காதீங்க. ஏத்த முன்னம் நாரஹேன்பிட்டியில மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில கேளுங்க, காப்புறுதிக்காரருக்கும் சொல்லுங்க.

கேள்வி (இரத்மலானை): 4கே-க்கு டர்போ?

பதில்: பிரேக் மாத்தியாச்சா?

கேள்வி (கல்கிசை): டி50 போட்ட பிறகு 70-க்கு மேல நடுங்குது. புரொப்பெல்லர் ஷாஃப்ட்டை வெட்டி வெல்ட் பண்ணினது.

பதில்: ஷாஃப்ட்டின் இரண்டு முனை யோக்கும் (மூட்டுக் கவை) ஒரே கோட்டில இருக்கா பாருங்க, வெல்ட் பண்ணேக்குள்ள திரும்பியிருக்கலாம். அது சரி என்றா கியர்பாக்ஸ் வால் கோணத்தையும் டிஃப் பினியன் கோணத்தையும் கார் நாலு சக்கரத்தில நிக்கும்போது அளங்க. இரண்டும் ஒரு பாகைக்குள்ள சமாந்தரமா இருக்க வேணும். கியர்பாக்ஸ் மவுண்ட்டுக்குக் கீழ வொஷர் வைச்சே திருத்தலாம். அதுக்குப் பிறகும் நடுங்கினா ஷாஃப்ட்டைக் கழட்டி பலன்ஸ் பண்ணக் குடுங்க.

கேள்வி (பொரளை): செலவு...

பதில்: இன்றைக்கு இவ்வளவும் காணும்.