"லீட் கூட இல்லையாம், ரிதமாம்": கிட்டார் பிடித்த மகனின் தாய்க்கு

அன்புள்ள அம்மா,

பிளஸ் டூ முடிக்கப்போகும் மகன் ராக் அண்ட் ரோல் குழுவில் கிட்டார் வாசிப்பதே தொழில் என்கிறான், "அதிலும் லீட் கூட இல்லையாம், ரிதமாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசிச் சொல்லில்தான் உங்கள் ஏமாற்றம் முழுவதும் இருக்கிறது. பதினேழு வயதில் கிட்டார் எடுக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் லீட் ஆகி, முன்னால் நின்று சோலோ வாசிக்கத்தான் ஆசைப்படுவார்கள். ரிதம்தான் வேண்டும் என்று ஒருவன் அடம்பிடித்தால், ஒன்று அவனுக்கு லீட் வரவில்லை, இல்லையென்றால் ஒரு இசைக்குழு எதன் மேல் நிற்கிறது என்று அவனுக்குப் புரிந்திருக்கிறது. எது என்று வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். எப்படி என்பதைக் கீழே சொல்கிறோம்.

நாதஸ்வரக் கச்சேரியில் ஒத்து பிடிப்பவரை யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. "ஒத்து ஊதுறான்" என்பதை வசையாகவே ஆக்கி வைத்திருக்கிறோம். ஆனால் ஒத்து நின்றுபோனால் நாயனம் அந்தரத்தில் தொங்கும். ரிதம் கிட்டார் என்பது அந்த ஒத்தும் தவிலும் கொஞ்சம் கொஞ்சம் கலந்த வேலை. பாட்டின் கார்டுகளை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுகளை, அது தாங்க வேண்டும், டிரம்ஸோடு சேர்ந்து காலத்தையும் அடிக்க வேண்டும்.

இந்தத் தொழிலில் ஒரு வாழ்க்கை எப்படிப் போகும் என்று பார்க்க ரிதம் கிட்டாரிஸ்ட் மால்கம் யங்கை எடுத்துக்கொள்வோம். 1953-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தவர். 1963-ல் குடும்பம் ஆஸ்திரேலியாவின் சிட்னிக்குக் குடிபெயர்ந்தது. பள்ளியை விட்டபின் உள்ளாடைத் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரப் பராமரிப்பு வேலை பார்த்தார். 1973 நவம்பரில் ஏசி/டிசி என்ற ராக் குழுவைத் தொடங்கினார். அந்த ஆண்டின் கடைசி இரவில் சிட்னியின் செக்கர்ஸ் கேளிக்கை விடுதியில் முதல் மேடை. பின்னாளில் பள்ளிச் சீருடையில் குதித்து சோலோ வாசித்த தம்பி ஆங்கஸ்தான் எல்லோர் கண்ணிலும் பட்டார். மால்கம் பின்னால், கிட்டார் ஒலியைப் பெருக்கும் ஆம்ப் அருகே நின்றார், கோரஸ் பாட மட்டும் மைக்குக்கு வருவார், மறுபடி பின்னால் போய்விடுவார். ஆனால் குழுவைத் தொடங்கியவரும் நடத்தியவரும் அவர்தான்.

பெற்றோர் பார்க்காமல் விடும் விவரம் ஒன்று இதில் உண்டு. அண்ணன் ஜார்ஜ் யங் ஏற்கெனவே ஈஸிபீட்ஸ் என்ற வெற்றிகரமான குழுவில் இருந்தவர். அவரும் அவருடைய கூட்டாளி ஹாரி வாண்டாவும்தான் ஏசி/டிசியின் ஆரம்ப ஆல்பங்களைத் தயாரித்தார்கள். மால்கம் கடைசிவரை வாசித்த 1963-ஆம் ஆண்டு கிரெட்ஷ் ஜெட் ஃபயர்பர்ட் கிட்டாரும் வாண்டாவிடமிருந்து வந்ததுதான். ஒப்பந்தம் எப்படி எழுதுவார்கள், ஸ்டூடியோவில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லித்தர வீட்டிலேயே ஆள் இருந்தது. உங்கள் மகனுக்கு அப்படி யார் இருக்கிறார்கள்? இல்லையென்றால் ஒருவரைத் தேடுவதுதான் முதல் ஆண்டின் முக்கியமான வேலை. விலை உயர்ந்த கிட்டார் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இனி வேலைக்கு வருவோம். ரிதம் கிட்டாரின் பாடம் வலது கையில் இருக்கிறது. நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் ஓடும் பாட்டில், அடிக்கு இரண்டு வீதம், எல்லாமே கீழ்நோக்கிய தட்டாக வாசித்தால் வினாடிக்கு 4 தட்டு. நான்கு நிமிடப் பாட்டில் 960. இருபது பாட்டு வாசிக்கும் இரவில் ஏறத்தாழ 19,000. முழங்கையிலிருந்து அடிப்பவனுக்கு ஐந்தாவது பாட்டில் முன்கை இறுகும், இறுகியவுடன் வேகம் மாறும். அசைவு மணிக்கட்டிலிருந்து வர வேண்டும், தந்தியைத் தட்டும் பிக்கின் நுனி மட்டும் விரல்களுக்கு வெளியே தெரிய வேண்டும். வலித்தால் நிறுத்திவிட வேண்டும். வலியோடு பழகினால் தசைநாண் அழற்சியில் போய் நிற்கும்.

பயிற்சி இப்படி. இடது கையால் தந்திகளை லேசாகத் தொட்டு ஒலியை அடக்கிக்கொண்டு, காலத்தைச் சீராகத் தட்டிக் காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 80 அடியில் வைத்து, அடிக்கு இரண்டு தட்டாக ஐந்து நிமிடம். பிறகு மெட்ரோனோமை 40-க்கு இறக்கி, அந்தச் சத்தத்தை இரண்டாவது, நான்காவது அடியாக எண்ணி அதே வேகத்தில் வாசிக்க வேண்டும். இங்கேதான் பலருக்கும் உதறும், ஏனென்றால் முதல் அடியைத் தானே உண்டாக்க வேண்டியிருக்கிறது. அது பழகியபின் 120-ல் எட்டு பார் (நான்கு அடி சேர்ந்தது ஒரு பார்) மட்டும் மெட்ரோனோமோடு வாசித்து, அதை நிறுத்திவிட்டு நான்கு நிமிடம் தனியாகப் போய், செல்போனில் பதிவு செய்ய வேண்டும். கடைசி எட்டு பாரின் வேகத்தை அளந்து பாருங்கள். 118-க்கும் 122-க்கும் நடுவில் இருந்தால் நல்ல அறிகுறி, ரிதத்தை அவன் புரிந்தே கேட்கிறான். 130-க்குப் போயிருந்தால் எங்கே ஓடினான் என்று கேட்டுப் பாருங்கள். அநேகமாக வாசித்த இடத்தில் இருக்காது, கையை நிறுத்திய இடைவெளியில் இருக்கும். மௌனத்தை முழு நீளத்துக்கு விட்டுவைக்கப் பயப்படுகிறவன்தான் அடுத்த கார்டுக்குச் சீக்கிரம் தாவுவான். மால்கமின் வாசிப்பில் பாதி அழகு அந்த இடைவெளிகளில் இருக்கிறது. ஏசி/டிசியின் பெரும்பாலான ஸ்டூடியோ பதிவுகளில் அவர் இடது பக்கத்தில் கேட்பார். வலது இயர்போனைக் கழற்றிவிட்டுக் கேட்கச் சொல்லுங்கள், ஒரு மாதத்துக்கு அதுவே பாடம்.

பாணிகளும் தெரிந்திருக்க வேண்டும். ஐம்பதுகளின் ராக் அண்ட் ரோலுக்கு அடித்தளம், கீழ் இரண்டு தந்திகளில் மூல சுரத்தோடு ஐந்தாவதையும் ஆறாவதையும் மாற்றி மாற்றி வாசிக்கும் முறை, சக் பெர்ரி புகழாக்கியது. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் ஆறாவது தந்தியைக் கழற்றிவிட்டு, மீதி ஐந்தை ஜி கார்டாகவே சுருதி கூட்டி வாசிப்பார். ரமோன்ஸ் குழுவின் ஜானி ரமோன் கீழ்த்தட்டு மட்டுமே. ஸ்டீவ் கிராப்பர் மெம்பிஸின் ஸ்டாக்ஸ் ஸ்டூடியோவில் இரண்டு மூன்று சுரங்களிலேயே பாட்டைத் தூக்கி நிறுத்திக் காட்டினார். ஆறு மாதம் ஒருவரைப் பிடித்துக்கொண்டால் போதும். எல்லோரையும் ஒரே மாதத்தில் நகலெடுத்தால் ஒன்றும் கையில் நிற்காது.

கருவி வாங்கும்போது நடக்கும் தவறுகள் அநேகம். அறையில் தனியாக வாசிக்கையில், ஆம்பில் கீழ் ஒலியான பாஸையும் மேல் ஒலியான ட்ரெபிளையும் ஏற்றி நடு ஒலியான மிட்டை அடியோடு குறைத்தால் பிரமாதமாகக் கேட்கும். குழுவோடு சேர்ந்ததும் பாஸ் கிட்டார் கீழே விழுங்கிவிடும், சிம்பல் மேலே விழுங்கிவிடும், பிள்ளை எங்கே என்றே தெரியாது. ரிதம் கிட்டாரின் வீடு மிட் பகுதி. ஒலியை உடைத்துக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனும் அப்படித்தான். மால்கமின் ஒலி முரட்டுத்தனமாகத் தோன்றினாலும் அதில் கெய்ன், அதாவது அந்தக் கரகரப்பை ஏற்றும் அளவு, குறைவு. சத்தமான ஆம்ப், தடித்த தந்தி, கனமான கை, அவ்வளவுதான். கிட்டாரில் தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்புகளில் ஒன்றை மட்டும் விட்டு மற்றதைக் கழற்றிவிட்டார். அவர் போட்டது 12-லிருந்து 56 வரையிலான (அங்குலத்தின் ஆயிரத்தில் பங்குகள்) கனமான தந்திகள். மெல்லிய தந்தியை ஓங்கி அடித்தால் சுருதி ஒரு கணம் மேலே ஏறி இறங்கும், தடித்தது அப்படிப் போகாது. உங்கள் மகன் இப்போதைக்கு 10-46 போட்டால் போதும், ஓராண்டு கழித்து 11 போடலாம். தந்தியின் கேஜ் (தடிப்பு) மாறினால் நெக்கின் வளைவும் மாறும். அதைச் சரிசெய்ய நெக்குக்குள் இருக்கும் ட்ரஸ் ராடை ஒரே தடவையில் கால் சுற்றுக்கு மேல் திருப்பக்கூடாது. சுருதி கூட்டும்போது "டிங்" என்று சத்தம் வந்து சுருதி தாவினால் நெக்கின் தலைப்பக்கம் தந்திகள் பதியும் நட்டின் பள்ளத்தில் தந்தி சிக்குகிறது என்று அர்த்தம், பென்சில் கரியைத் தடவினால் சரியாகும். கடற்கரை ஊரில் இருப்பதால், வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் தந்திகளைத் துடைக்கப் பழக்குங்கள், இல்லாவிட்டால் உப்புக்காற்றில் துரு பிடித்துவிடும்.

வால்வ் ஆம்ப் வாங்கினால் ஸ்பீக்கரை இணைக்காமல் ஆன் செய்யக்கூடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகும். அதைவிட முக்கியமானது எர்த். இரைச்சல் வருகிறது என்று மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை வெட்டிவிடும் பழக்கம் இங்கே சகஜம். 1972 மே 3 அன்று வேல்ஸின் ஸ்வான்ஸீ நகரில், ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கிட்டாரிஸ்ட் லெஸ் ஹார்வி எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்தார். ஜெனரேட்டரில் ஓடும் திறந்தவெளி மேடை என்றால், வாசிக்கும் முன் மல்டிமீட்டரை ஏசி வோல்டில் வைத்து ஒரு முனையைக் கிட்டார் தந்தியிலும் மறுமுனையை மைக்கின் வலையிலும் தொட்டுப் பார்க்க வேண்டும். பூஜ்யத்தை ஒட்டி வராவிட்டால் அந்த மைக்கில் வாய் வைக்கக் கூடாது. கிட்டார் பையில் மல்டிமீட்டர் கட்டாயம்.

காதுக்கும் கணக்கு உண்டு. 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம் என்பது அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனத்தின் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும், 100 டெசிபலில் 15 நிமிடம்தான். ஒத்திகை அறை அதைச் சுலபமாகத் தாண்டும். பஞ்சு உதவாது. இசைக்கலைஞர்களுக்கென்று எல்லா அதிர்வெண்ணையும் ஒரே அளவில் குறைக்கும் காதடைப்பு கிடைக்கிறது, அதை முதல் ஒத்திகையிலிருந்தே போட வேண்டும். கேட்கும் திறன் கெட்டதால் ஏசி/டிசியின் பாடகர் பிரையன் ஜான்சனே 2016-ல் சுற்றுப்பயணத்தை நடுவில் விட வேண்டியிருந்தது.

குடியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். மறைக்க ஒன்றுமில்லை. 1988 சுற்றுப்பயணத்தின் நடுவில் மால்கமே மதுப்பழக்கத்துக்குச் சிகிச்சை பெற விலகினார். அண்ணன் மகன் ஸ்டீவி அவர் இடத்தில் வாசித்தார். குணமாகித் திரும்பிய மால்கம் அதன்பின் கால் நூற்றாண்டு குழுவில் இருந்தார். 2008-ல் தொடங்கிய சுற்றுப்பயணத்தின்போது மறதிநோய் தலைகாட்ட, தானே உருவாக்கிய ரிஃப்களை, அதாவது பாட்டில் மீண்டும் மீண்டும் வரும் கிட்டார் துணுக்குகளை, திரும்பத் திரும்பக் கற்று மேடையேறினார். 2014-ல் விலகினார், 2017 நவம்பர் 18-ல் காலமானார். இந்தத் தொழிலில் இரவு வேலையும் இலவச மதுவும் ஒரே இடத்தில்தான் இருக்கும். சம்பளத்துக்குப் பதில் மது கொடுக்கும் இடத்தில் வாசிக்க மாட்டேன் என்ற ஒரு விதியை அவனையே எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

பணம் எங்கிருந்து வரும்? மேடைக்கட்டணம் செலவுக்கே சரியாகப் போகும். நிலைத்த வருமானம் பாட்டின் உரிமையில் இருக்கிறது. 1980 ஜூலையில் வெளிவந்து உலகில் மிக அதிகமாக விற்றவற்றில் ஒன்றான ஏசி/டிசி ஆல்பத்தின் எல்லாப் பாடல்களிலும் இசையமைத்தவர்கள் பெயரில் இரண்டு யங் சகோதரர்களும் பாடகரும் இருக்கிறார்கள். மால்கம் வெறுமனே வாசித்தவராக இருந்திருந்தால் கணக்கு வேறு மாதிரி இருந்திருக்கும். காரணம், வழக்கத்தில் மெட்டும் வரியும்தான் பாட்டின் உரிமையாகக் கணக்கிடப்படும், பக்கவாத்தியமாக அடித்த தட்டு முறைக்குப் பங்கு கிடைப்பது கடினம். ஆகவே ரிதம் கிட்டாரிஸ்ட் பாட்டு உண்டாக்கும் அறையில் இருக்க வேண்டும். பதிவுக்கு முன்பே யாருக்கு எத்தனை சதவீதம் என்று ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்திட வேண்டும். பாட்டு ஓடிய பிறகு அந்தத் தாளை எழுதவே முடியாது. இந்தியாவில் 2012-ல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் பங்கை உறுதி செய்திருக்கிறது. அதை வசூலிக்க ஐபிஆர்எஸ் அமைப்பில் உறுப்பினராக வேண்டும்.

படிப்பைப் பொறுத்தவரை நாங்கள் பிடிவாதக்காரர்கள் இல்லை. டிரினிட்டி, ராக்ஸ்கூல் என்ற இரண்டு இசைத் தேர்வு அமைப்புகளிலும் ராக் கிட்டாருக்கு எட்டாம் கிரேடு வரை தேர்வு உண்டு. பிரிட்டனில் பட்டப்படிப்புக்கு விண்ணப்பித்தால் ஆறாம் கிரேடிலிருந்து அதற்குப் புள்ளிகளும் உண்டு. சென்னையில் 2008-ல் ஏ.ஆர். ரஹ்மான் தொடங்கிய கே.எம். கல்லூரி இருக்கிறது. பாஸ்டனின் பெர்க்லி இசைக் கல்லூரியில் சேர நேர்முக வாசிப்பு உண்டு. ஆனால் வீட்டை அடகு வைத்து வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டாம் என்பது எங்கள் கருத்து. எந்தக் குழுவும் இந்த வேலைக்குச் சான்றிதழ் கேட்பதில்லை. எங்கள் யோசனை, எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ அல்லது பி.எஸ்சி. மாலை நேரம் கைக்கு மிஞ்சும், ஆம்பைத் தானே பழுது பார்ப்பான், வாசிப்பு வறண்ட மாதங்களில் ஒலிப்பதிவுக் கூடத்திலோ மேடை ஒலியமைப்பிலோ கிட்டார் டெக்னீஷியனாகவோ சோறு கிடைக்கும். கப்பல் இசைக்குழு வேலைக்கும் போக விரும்பினால் நோட்டேஷன் பார்த்த மாத்திரத்தில் வாசிக்கப் படிக்க வேண்டும். காதால் கேட்டு மட்டும் வாசிக்கிறவர்கள் அங்கே முதல் தேர்விலேயே கழிந்துபோவார்கள்.

இரண்டு ஆண்டு அவகாசம் கொடுங்கள். முதல் ஆண்டு முடிவில் நாற்பது பாட்டு தாள் பார்க்காமல் வர வேண்டும், எந்தப் பாட்டையும் பாடகருக்கேற்ப வேறு சுருதிக்கு மாற்றி வாசிக்கத் தெரிய வேண்டும், ஒரே டிரம்மரோடு குறைந்தது ஆறு மாதம் வாசித்திருக்க வேண்டும். இரண்டாம் ஆண்டில் யாராவது ஒருவர் காசு கொடுத்து இரண்டாவது தடவையும் அவனைக் கூப்பிட்டிருக்க வேண்டும். முதல் அழைப்பு நட்பில் வரலாம், அதனால் நாங்கள் எண்ணுவது இரண்டாவதைத்தான். அது வரவில்லையென்றால் டிப்ளமோ கையில் இருக்கிறது, கிட்டார் சனி ஞாயிறுக்கு.

அடுத்த முறை வரும்போது அவனையும் அழைத்து வாருங்கள். அந்த நான்கு நிமிடப் பதிவு செல்போனில் இருக்கட்டும், நடுவில் நின்றுபோயிருந்தாலும் அழிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.