ஃபோர்காஸ்ட்: சொல்லும் கணக்கும்

வேலூரில் முப்பது ஆண்டுகள் ஆங்கிலப் பாடம் நடத்தியவன் நான். 'ஃபோர்காஸ்ட்' என்ற சொல்லைப் பற்றி நம் பக்கத்து நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கல்லூரி மாணவி, குடியாத்தம்: ஐயா, 'பிரெடிக்‌ஷன்', 'ஃபோர்காஸ்ட்' இரண்டுக்கும் அகராதியில் ஒரே பொருள்தான் இருக்கிறது. எங்கே எதை எழுதுவது?

பதில்: வேரைப் பார்த்தால் விளங்கும் அம்மா. பிரெடிக்‌ஷன் லத்தீன் வழி வந்த சொல். 'முன்னே சொல்லுதல்' என்பது அதன் பொருள். 'காஸ்ட்' என்பதற்கு இன்று எறிதல், வீசுதல் என்று பொருள் கொள்கிறோம். இடைக்கால ஆங்கிலத்தில் அதற்குக் கணக்கிடுதல் என்ற பொருளும் இருந்தது. ஆக, ஃபோர்காஸ்ட் என்பது முன்கூட்டிக் கணித்தல். காலத்தைக் கணித்தவரைக் 'கணியன்' என்று அழைத்த மொழி நம்முடையது. இந்த வேறுபாடு நமக்கு அந்நியமானதல்ல.

இதை வானிலைக்குரிய சொல்லாக்கியவர் ராபர்ட் ஃபிட்ஸ்ராய். டார்வின் பயணம் செய்த பீகிள் கப்பலின் தலைவர் அவர்தான். 1859 அக்டோபரில் ராயல் சார்ட்டர் என்ற கப்பல் வேல்ஸ் கரையோரம் புயலில் சிக்கி உடைந்தது. நானூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அந்தத் துயரம்தான் அவரைப் புயல் எச்சரிக்கை முறையை ஏற்படுத்தத் தூண்டியது. 1861 ஆகஸ்ட் 1 அன்று லண்டன் டைம்ஸ் நாளிதழில் அவருடைய வானிலைக் கணிப்பு வெளியானது. மக்கள் இதை ஆரூடமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே, கணக்கைக் குறிக்கும் இந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தார். எனக்கு மிகவும் பிடித்த சொல் வரலாறு இது.

விவசாயி, பொன்னை: 'ஓரிரு இடங்களில் கனமழை' என்று வானொலியில் சொன்னார்கள். என் மணிலாக் கொல்லையில் ஒரு தூறல்கூட விழவில்லை. இது என்ன கணிப்பு?

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானது அண்ணா. ஆனால் அந்த வாசகத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் அளவு உண்டு. 'ஓரிரு இடங்கள்' என்றால், அந்தப் பகுதியின் மழைமானி நிலையங்களில் நூற்றுக்கு 25 வரைதான். 'கனமழை' என்றால் 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் வரை. காட்பாடியில் கொட்டி, பொன்னை காய்ந்து கிடந்தாலும் கணிப்பு பலித்ததாகவே பொருள். கோடை இடிமழை அப்படித்தான். ஒரு மேகம் ஓர் ஊரை நனைத்துவிட்டு அடுத்த ஊரைத் தொடாமல் போய்விடும்.

கடலையைப் பிடுங்கிக் காயப்போட்ட நாளில் உங்களுக்கு உதவுவது 'நவ்காஸ்ட்'. ரேடாரில் தெரியும் மேகத்தை வைத்து அடுத்த சில மணி நேரத்துக்கு மட்டும் சொல்வது அது. காலையில் கேட்ட செய்தியோடு நிற்காமல், பிற்பகலில் அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஆசிரியை, ஆற்காடு: கைப்பேசியில் 'மழைக்கு 70 சதவீத வாய்ப்பு' என்று வருகிறதே?

பதில்: இதே போன்ற சூழல் உள்ள பத்து நாட்களில் ஏழு நாள் மழை பெய்யும் என்று பொருள். மழை எவ்வளவு நேரம் பெய்யும், எவ்வளவு பலமாகப் பெய்யும் என்பதை அந்த எண் சொல்லாது.

தோல் தொழிற்சாலைக் கணக்கர், ராணிப்பேட்டை: எங்கள் முதலாளி 'சேல்ஸ் ஃபோர்காஸ்ட்' கேட்கிறார். அவர் விரும்பும் தொகையை எழுதினால்தான் ஒப்புக்கொள்கிறார்.

பதில்: விரும்பும் தொகைக்கு இலக்கு என்று பெயர் தம்பி. கையில் உள்ள ஆர்டர்களையும் சென்ற ஆண்டுகளின் விற்பனையையும் வைத்து, வரக்கூடியது எவ்வளவு என்று கணக்கிட்டால் அது ஃபோர்காஸ்ட். இரண்டையும் தனித்தனிப் பத்தியில் எழுதிக் காட்டுங்கள். இடைவெளி அவர் கண்ணிலேயே படும்.

மாணவன், காட்பாடி: இறந்த காலத்தில் 'ஃபோர்காஸ்டட்' என்று எழுதலாமா?

பதில்: எழுதலாம், பிழையில்லை. ஆனால் மாற்றமில்லாமல் 'ஃபோர்காஸ்ட்' என்றே எழுதுவதுதான் பெருவழக்கு.

இல்லத்தரசி, பேரணாம்பட்டு: 2021 நவம்பரிலும் டிசம்பரிலும் நம் பக்கம் நிலம் அதிர்ந்ததே, அதை ஏன் முன்பே சொல்லவில்லை?

பதில்: இங்கேதான் இரு சொற்களும் முற்றிலும் பிரிகின்றன அம்மா. இந்த நாளில், இந்த ஊரில், இந்த அளவில் நிலம் அதிரும் என்று சொன்னால் அது பிரெடிக்‌ஷன். அதை இன்றுவரை உலகில் யாராலும் செய்ய முடியவில்லை. இந்தப் பகுதியில் இத்தனை ஆண்டுகளுக்குள் இவ்வளவு வாய்ப்பு என்று சொல்வது ஃபோர்காஸ்ட். அது இயலும், கட்டடத்தின் வலிமையை முடிவு செய்ய அத்தகைய கணக்குதான் பயன்படுகிறது. நாளைக்கே அதிரும் என்று தேதி போட்டு வரும் செய்தியை நம்பி வீட்டைவிட்டு வெளியே படுக்க வேண்டாம்.