காற்றாலை கட்டும் முன் ஏன் ஒரு வருடம் பறவைகளைக் கணக்கெடுக்க வேண்டும்?

"திருகோணமலைக் கரையில் காற்றாலை கட்டுவதற்கு ஒரு வாரம் பறவைகளை எண்ணினால் போதாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. ஜூலையில், திருகோணமலைக்கு வடக்கே உள்ள கொக்கிளாய்க் களப்பைப் பார்த்துவிட்டு வந்து முடிவெடுக்க முடியாது. மத்திய ஆசியப் பறக்கும் பாதையால் (சைபீரியாவிலிருந்து இலங்கை வரை பறவைகள் ஆண்டுதோறும் கடக்கும் வழி) வரும் வலசைப் பறவைகள் செப்டெம்பர், ஒக்டோபரில் வந்து ஏப்ரல் வரை தங்குகின்றன.

எண்ணிக்கையைவிட உயரம்தான் முக்கியம் என்பேன். ஒரே இடத்தில் மணிக்கணக்காக உட்கார்ந்து, எது எந்த உயரத்தில், எந்தத் திசையில் கடக்கிறது என்று குறிக்க வேண்டும். கூழைக்கடாவையே எடுங்கள். விடிகாலையில் தண்ணீரை ஒட்டித் தாழப் பறக்கும். வெயில் ஏறி நிலம் சூடானதும் சிறகை அசைக்காமல் வட்டமிட்டு மேலே போகும். காற்றாலை இறக்கை சுழலும் உயரத்தை அப்போதுதான் கடக்கிறது. காலை ஆறரை மணிக்கு எண்ணிவிட்டுக் கிளம்பியவர் இதைப் பார்த்திருக்கவே மாட்டார்.

அப்புறம் வௌவால்கள். அவை இரை தேட எழுப்பும் ஒலி பெரும்பாலும் நம் காதுக்கு எட்டாது. கருவி வைத்து இரவு முழுக்கப் பதிய வேண்டும். யானை நடமாடும் வழி, மின்கம்பி போகும் வழி இரண்டையும் விடக்கூடாது. கம்பியில் மோதியும் பறவைகள் சாகின்றன.

சட்டமும் இருக்கிறது. இலங்கையின் 1937 ஆம் ஆண்டு வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி, அட்டவணையில் விலக்கப்பட்ட சிலவற்றைத் தவிர நாட்டின் எல்லாப் பறவைகளும் பாதுகாக்கப்பட்டவை.