விறைப்பு ஊசி போட்டாலும் பல் பிடுங்கும்போது நோகுமா?

கீழ்க் கடைவாய்ப் பல் சூத்தை, பிடுங்கச் சொல்லிவிட்டார்கள், ஊசியென்றால் பயம், ஊசி போட்டும் உயிர் போனது என்று அண்ணன் வேறு சொல்லியிருக்கிறார், அதனால் தள்ளிப் போட்டுக்கொண்டே இருக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். திருகோணமலையில் ஒரு தனியார் பல் கிளினிக்கில் டொக்டருக்குப் பக்கத்தில் நிற்கிற வேலை எனக்கு. டொக்டர் வாயைப் பார்ப்பார், நான் முகத்தையும் கதிரையைப் பிடித்திருக்கிற கையையும் பார்ப்பேன். அதை வைத்துச் சொல்கிறேன்.

ஊசி கொஞ்சம் நோகும். முதலில் முரசில் ஒரு ஜெல் பூசி ஒன்றிரண்டு நிமிடம் விடுவோம், மேல்தோல் விறைத்துவிடும். ஊசி மிக மெல்லியது. உண்மையில் கடுப்பது ஊசி இல்லை, மருந்து வேகமாக உள்ளே போவதுதான். ஒரு குழாயில் இருப்பது 2 மில்லிலீற்றர் அளவு மருந்து. எங்கள் டொக்டர் அதை இறக்க ஒரு நிமிடத்துக்கு மேல் எடுப்பார். கன்னத்தைப் பிடித்து மெல்ல ஆட்டிக்கொண்டே, இன்றைக்கு உப்புவெளியில் மீன் என்ன விலை என்று கேட்பார். பதில் சொல்ல முடியாது என்று தெரிந்தேதான் கேட்பது.

மேல் பல் என்றால் அண்ணத்திலும் ஒன்று போட வேண்டிவரும். அங்கே சதை எலும்போடு ஒட்டிக் கிடப்பதால் மருந்துக்கு இடமில்லை, சுருக்கென்று இருக்கும். உங்களுக்கு அது இல்லை. கீழ்க் கடைவாயில் தாடை எலும்பு தடிப்பு, பல்லடியில் போட்டால் மருந்து ஊறிப் போகாது. அதனால் தாடையின் பின்பக்கம், நரம்பு எலும்புக்குள் நுழைகிற இடத்தருகே போடுவார்கள். பாதிச் சொண்டும் நாக்கின் ஒரு பக்கமும் சேர்ந்து விறைக்கும். சிலர் சொண்டு வீங்கிவிட்டதென்று கண்ணாடி கேட்பார்கள். வீக்கம் ஒன்றும் இருக்காது. இது பிடிக்க ஐந்து, பத்து நிமிடம்கூடப் போகலாம். சொண்டு இன்னும் சரியாக விறைக்கவில்லை என்றால் வெட்கப்படாமல் சொல்லுங்கள், பொறுத்துப் பார்த்து இன்னொன்று போடுவார்கள்.

அப்புறம் பிடுங்கும் நேரம். மருந்து நோவைக் கொண்டுபோகிற மெல்லிய நரம்பிழைகளைத்தான் முதலில் அடைக்கும், அழுத்தம் தெரிகிற தடித்த இழைகள் அவ்வளவாக அடைபடாது. திருக்கடலூர்ப் பக்கம் கடற்தொழில் செய்கிற ஓர் ஐயா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு முனகினார். "ஐயா, நோகுதா?" என்று கேட்டேன். "நோகேல்ல பிள்ளை, ஆனா இழுக்கிறது தெரியுது" என்றார். அதுதான் சரியான நிலை. தள்ளுவது, இழுப்பது, ஒரு நொறுக்குச் சத்தம், இவ்வளவும் இருக்கும். கூர்மையாகக் குத்தினால் மட்டும் கையைத் தூக்குங்கள். தாங்கிக்கொண்டு கிடப்பதில் ஒரு பெருமையும் இல்லை.

உங்கள் அண்ணன் கதைக்கு வருவோம். கன்னம் வீங்கி, சீழ் வைத்த பிறகு போயிருப்பார் என்று நினைக்கிறேன். சீழ் பிடித்த இடத்தில் அமிலத்தன்மை கூடும். விறைப்பு ஊசியில் இருக்கிற லிக்னோகெயின் மருந்து அங்கே நரம்புக்குள் சரியாக நுழையாது, எத்தனை ஊசி போட்டாலும் அரைகுறைதான். அப்படி வருகிறவர்களுக்கு டொக்டர் வீக்கத்துக்குத் தள்ளி ஊசி போட்டுப் பார்ப்பார், இல்லாவிட்டால் சீழை வெளியேற்றிவிட்டுப் பல்லுக்குப் பிறகு நாள் கொடுப்பார். ஊசிக்குப் பயந்து தள்ளிப் போடுகிறவர்தான் ஊசி பிடிக்காத நிலைக்கு வந்து சேர்கிறார், எனக்கு இதுதான் ஆற்றாமை. உங்களுக்கு வீக்கம் இல்லையென்றால் இந்தக் கிழமையே போங்கள். காசு பிரச்சினை என்றால் அரசாங்க ஆஸ்பத்திரிப் பல் கிளினிக்கில் இலவசம், காலையில் வெள்ளென போய் நம்பர் எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

வெறும் வயிற்றோடு போகாதீர்கள். ஒப்பரேஷன் என்று நினைத்துச் சாப்பிடாமல் வந்து, கதிரையிலேயே மயங்குகிறவர்கள் நிறையப் பேர். இரண்டு இடியப்பமாவது சாப்பிட்டுவிட்டு, பிரஷர் குளிசை இருந்தால் வழமைபோலப் போட்டுக்கொண்டு போங்கள். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர் என்றால் அதை நீங்களாக நிறுத்தாமல் டொக்டரிடம் சொல்லுங்கள்.

"எனக்கு ஊசி ஒத்துவராது" என்று வருகிறவர்களைக் கிண்டினால், பெரும்பாலும் முன்பு ஒருதரம் நெஞ்சு படபடத்த கதைதான் வெளியே வரும். விறைப்பு நீடிக்கவும் இரத்தம் வடிவது குறையவும் மருந்தோடு அட்ரினலின் சேர்ந்திருக்கும், அந்தப் படபடப்பு அதன் வேலைதான், சில நிமிடத்தில் அடங்கிவிடும். லிக்னோகெயினுக்கு உண்மையான ஒவ்வாமை மிக அரிது. ஆனாலும் என்ன நடந்தது என்று விவரமாகச் சொல்லுங்கள், தோல் தடித்ததா, மூச்சு முட்டியதா என்பதெல்லாம் டொக்டருக்கு வேண்டும்.

சொண்டின் விறைப்பு விட இரண்டிலிருந்து நான்கு மணித்தியாலம் எடுக்கும். அதுவரை சுடுதேத்தண்ணி வேண்டாம், வாய் வெந்தாலும் தெரியாது. பரசிட்டமோல் ஒத்துவருகிறவர் என்றால் விறைப்பு முழுதாக விடும் முன்பே போட்டுவிடுங்கள். வீட்டில் பிள்ளைகளுக்கும் பல் வேலை இருக்கிறதென்றால், விறைப்பு விடும்வரை சொண்டைக் கடிக்காமல் பக்கத்தில் இருந்து பாருங்கள். விளையாட்டாகக் கடித்துக் கடித்து, அடுத்த நாள் வீங்கிப்போய் வெள்ளைப் புண்ணோடு திரும்ப வருவார்கள். ஊசி ஒத்துக்கொள்ளவில்லை என்று தாய்மார் எங்களோடு சண்டைக்கு வருவதும் அதனால்தான்.