அமெரிக்கக் கால்பந்து அணி ஒன்று புதிய தற்காப்பு ஒருங்கிணைப்பாளரை எப்படித் தேடுகிறது? திறமையைப் பார்த்தா, தெரிந்தவர் என்பதாலா?

இரண்டும் உண்டு. ஆனால் அந்த இரண்டுக்கும் முன்னால் வருவது தலைமைப் பயிற்சியாளரின் பயம். எந்த மாதிரியான தடுப்பாட்டம் தன்னைத் தூங்கவிடாமல் செய்ததோ, அதைக் கற்றுக்கொடுக்கும் ஆளைத்தான் பெரும்பாலும் அவர் தேடுவார். நான் நெடுநாளாகப் பின்தொடரும் கிரீன் பே பேக்கர்ஸ் அணியை வைத்தே சொல்கிறேன். பிற அணிகளுக்காகவும் கோபப்பட எனக்குத் தெம்பில்லை.

முதலில் அந்த வேலை என்னவென்று பார்த்துவிடுவோம். நீள்வட்டப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும், என்.எஃப்.எல். என்ற தொழில்முறைத் தொடரின் ஆட்டத்தில், எதிரணியிடம் பந்து இருக்கும்போது களத்தில் நிற்கும் 11 பேருக்கும் பொறுப்பானவர்தான் தற்காப்பு ஒருங்கிணைப்பாளர். ஒவ்வொரு முறை பந்து நகர்வதற்கு முன்பும் எந்த வியூகம் என்று அவர் சொல்கிறார். அது ஒரே ஒரு தடுப்பாட்டக்காரரின் தலைக்கவசத்துக்குள் இருக்கும் ஒலிபெருக்கியில் கேட்கும். அந்தத் தலைக்கவசத்தின் பின்புறம் சிறிய பச்சைப் பொட்டு ஒன்று ஒட்டியிருப்பதைத் தொலைக்காட்சியில் கவனித்திருப்பீர்கள். பந்தை நகர்த்தத் தரப்படும் நேரத்தில் 15 விநாடிகள் மீதமிருக்கும்போது அந்த இணைப்பு துண்டிக்கப்பட்டுவிடும். அதற்குள் சொல்லவேண்டியதைச் சொல்லியாக வேண்டும். தோற்றால் பழி இவர் தலையில் விழும். ஜெயித்தால் புகழ், பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக்குக்குப் போகும்.

கிரீன் பே, விஸ்கான்சின் மாநிலத்தில் சுமார் ஒரு லட்சம் பேர் வாழும் சிறிய ஊர். அணிக்குத் தனி முதலாளி கிடையாது. 5 லட்சத்துக்கும் மேற்பட்ட பங்குதாரர்களுக்குச் சொந்தமானது. ஈவுத்தொகை ஒரு காசு வராது. ஆனால் அந்தப் பங்குப் பத்திரத்தைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டுச் சுவரில் மாட்டிவைத்திருப்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் தற்காப்பு ஒருங்கிணைப்பாளர் பதவி காலியானால் யார் வரவேண்டும் என்பதில் எல்லோருக்கும் ஒரு கருத்து இருக்கும் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

டாம் கேப்பர்ஸ் 2009 முதல் 2017 வரை அந்தப் பதவியில் இருந்தார். பிப்ரவரி 2011-இல் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸை 31-25 என்று வென்று, பருவத்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் கோப்பையைக் கொண்டுவந்தபோது தடுப்பாட்டம் அவர் கையில்தான். அடுத்து வந்த மைக் பெட்டைன் மூன்று பருவங்கள் இருந்தார். அவருடைய முடிவை எழுதியது ஒரே ஒரு பந்து. 2021 ஜனவரி 24 அன்று டாம்பா பே அணியுடன், என்.எஃப்.எல்.-இன் இரு பிரிவுகளில் ஒன்றான என்.எஃப்.சி.யின் இறுதிப் போட்டி. முதல் பாதி முடிய 8 விநாடிகளே பாக்கி. பந்து எதிரணியிடம் இருக்கிறது, கோல் கோட்டுக்கு 39 யார்டு தூரம். அந்த நேரத்தில் எவரும் பின்னால் ஆள் நிறுத்தி நீளமான பாஸைத் தடுப்பார்கள். பெட்டைன் ஆளுக்கு ஆள் காவல் போட்டார். ஸ்காட்டி மில்லர் என்ற வேகக்காரர் எங்கள் கார்னர்பேக் (ஓரக் காவலர்) கெவின் கிங்கைத் தாண்டி ஓட, எதிரணிக் குவார்ட்டர்பேக் டாம் பிரேடி எறிந்த பந்து அவர் கையில் போய் விழுந்தது. கடிகாரத்தில் ஒரு விநாடி மிச்சம். ஆட்டம் 31-26 என்று கைவிட்டுப் போனது. சில நாட்களில் பெட்டைனும் போனார்.

இங்கேதான் தேடல் தொடங்குகிறது. தலைமைப் பயிற்சியாளர் மாட் லாஃப்ளூர் தாக்குதல் ஆட்டத்தில் வளர்ந்தவர். முதலில் பேசப்பட்டவர் ஜிம் லியோனார்ட், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் தற்காப்பு ஒருங்கிணைப்பாளர். அதே மாநிலத்துக்காரர், பத்தாண்டு காலம் என்.எஃப்.எல்.-இல் ஆடியவர். அவர் கல்லூரியிலேயே இருந்துகொள்கிறேன் என்று மறுத்துவிட்டார். பிறகு வந்தவர் ஜோ பேரி.

பேரியின் பழைய கணக்கு அவ்வளவு சிலாக்கியமானதல்ல. 2007, 2008 பருவங்களில் டெட்ராய்ட் லயன்ஸின் தற்காப்பு ஒருங்கிணைப்பாளராக இருந்தார். 2008-இல் அந்த அணி ஆடிய 16 ஆட்டங்களிலும் தோற்றது. அப்போதைய தலைமைப் பயிற்சியாளர் ராட் மரினெல்லி இவருடைய சொந்த மாமனார். ஒரு தோல்விக்குப் பின் நடந்த செய்தியாளர் சந்திப்பில், "உங்கள் மகள் இதைவிட நல்ல தற்காப்பு ஒருங்கிணைப்பாளரைக் கட்டியிருக்கலாமே என்று நினைத்ததுண்டா?" என்ற பொருளில் ஒரு நிருபர் மாமனாரிடமே கேட்டுவிட்டார். கேள்வி எல்லை மீறியதுதான், சந்தேகமில்லை. ஆனாலும் அமெரிக்க விளையாட்டு இதழியலில் நம் ஊர்த் திண்ணைப் பேச்சுக்கு இவ்வளவு கிட்டத்தில் வந்த கேள்வி வேறு இல்லை. 2015, 2016-இல் வாஷிங்டனிலும் அதே பதவியில் இருந்து, அங்கேயும் இரண்டே பருவங்களில் வெளியேறினார்.

அப்படியிருந்தும் லாஃப்ளூர் ஏன் இவரை எடுத்தார்? 2017-இல் இருவரும் லாஸ் ஏஞ்சலீஸ் ராம்ஸில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரியது, 2020-இல் என்.எஃப்.எல்.-இலேயே மிகக் குறைந்த புள்ளிகளை விட்டுக்கொடுத்தது அந்த ராம்ஸ் அணி. பேரி அங்கே லைன்பேக்கர்களின், அதாவது முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் தடுப்பாட்டக்காரர்களின், பயிற்சியாளர். விக் ஃபாஞ்சியோ என்ற பயிற்சியாளரின் வழிவந்த அந்த முறையில் இரண்டு சேஃப்டிகள், அதாவது கடைசி வரிசைக் காவலர்கள், ஆழத்தில் நிற்பார்கள். நீளமான பாஸ் போகாது. சின்னச் சின்னதாக வேண்டுமானால் பிடித்துக்கொள்ளலாம். பத்து முறை பிழையில்லாமல் நகர்ந்து வா பார்க்கலாம் என்று எதிரணியைச் சோதிக்கும் முறை. தாக்குதல் வியூகம் வரைபவர்களுக்கு இது பெரும் தலைவலி. தனக்குக் கடினமாக வந்த கேள்வித்தாளைத் தயாரித்த கல்லூரியிலிருந்து ஒரு விரிவுரையாளரை வேலைக்கு எடுப்பது போன்ற முடிவு இது என்பது என் கணிப்பு. வேடிக்கை என்னவென்றால், அதே ராம்ஸை லாஃப்ளூரின் அணி அந்த ஜனவரியில்தான் 32-18 என்று வீழ்த்தியிருந்தது. பயம் எண்ணிக்கைக்குக் கட்டுப்படுவதில்லை போலும்.

அடுத்த மூன்று ஆண்டுகளில் நாங்கள் கண்டது அந்த முறையின் உடம்பு மட்டும்தான், உயிர் இல்லை. எதிரணிக்கு 5 யார்டு தேவைப்படும் இடத்தில் எங்கள் கார்னர்பேக் 8 யார்டு பின்னால் நிற்பார். பந்தை வாங்குபவர் 6 யார்டு ஓடித் திரும்பி, நிதானமாகப் பிடித்து, கீழே விழுவார். மறுபடியும் முதலிலிருந்து. இத்தனைக்கும் ஆள் பஞ்சம் கிடையாது. 2018 முதல் 2023 வரை, கல்லூரி வீரர்களை எடுக்கும் ஆண்டுத் தேர்வின் முதல் சுற்றில் பேக்கர்ஸ் தேர்ந்தெடுத்த 8 பேரில் 7 பேர் தடுப்பாட்டக்காரர்கள்.

2023 டிசம்பரில் நிலைமை கேலிக்கூத்தானது. டாமி டிவிட்டோ என்ற புதுமுகக் குவார்ட்டர்பேக் ஆடிய நியூயார்க் ஜயண்ட்ஸிடம் 24-22 என்று தோல்வி. அடுத்த வாரம் சொந்த மண்ணான லாம்போ மைதானத்தில் டாம்பா பேயின் குவார்ட்டர்பேக் பேக்கர் மேஃபீல்ட் 381 யார்டு, 4 டச்டவுன் (கோல் கோட்டைத் தாண்டிப் புள்ளியெடுப்பது) பாஸ், குவார்ட்டர்பேக்குகளுக்கான உச்ச மதிப்பீடான 158.3. வெளியூர் குவார்ட்டர்பேக் ஒருவர் அங்கே அந்த எண்ணை எட்டியது அதுதான் முதல் முறை. அதற்கடுத்த வாரம் கரோலினாவில் 33-30 என்று தப்பிப் பிழைத்தார்கள். அந்த ஆட்டத்தில் கார்னர்பேக் ஜேய்ர் அலெக்ஸாண்டர், தான் அந்த ஊர்க்காரர் என்ற உரிமையில், அணித்தலைவர் பட்டியலில் பெயரில்லாமலேயே நாணயம் சுண்டும் இடத்துக்குப் போய்ப் பேசினார்; பேசியதிலும் குளறுபடி. நடுவர்கள் பெரிய மனது பண்ணிக் காப்பாற்றினார்கள். அணி அவரை ஓர் ஆட்டத்துக்கு இடைநீக்கம் செய்தது. கட்டுப்பாடும் போய்விட்டதென்று அப்போதே தெரிந்தது.

பிறகு எப்படியோ சுதாரித்து, பருவத்துக்குப் பிந்தைய வெளியேற்றச் சுற்றுகளான பிளேஆஃபுக்குள் நுழைந்து, டாலஸை 48-32 என்று துவைத்துவிட்டு, 2024 ஜனவரி 20 அன்று சான் பிரான்சிஸ்கோவிடம் 24-21 என்று தோற்றார்கள். எங்கள் உதைப்பாளர் 41 யார்டு உதையைத் தவறவிட, எதிரணி 69 யார்டு தூரம் பொறுமையாக நகர்ந்து வந்து, 1 நிமிடம் 7 விநாடிகள் மீதமிருக்கும்போது டச்டவுன் போட்டது. நியாயமாகச் சொன்னால், அன்று பேரியின் தடுப்பாட்டம் மோசமில்லை. ஆட்டத்தின் தொடக்கத்தில் டார்னெல் சாவேஜ் கைக்கு வந்த பந்தைப் பிடித்திருந்தாலே கதை மாறியிருக்கும். ஆனால் அந்த வாரமே பேரி நீக்கப்பட்டார்.

சரி, புதியவரை எங்கே தேடுவது? வெளியிலிருந்து பார்ப்பவர்கள் கவனிக்காத இடம் இதுதான். சிறந்த தற்காப்பு ஒருங்கிணைப்பாளர்கள் ஏற்கெனவே வேறு அணிகளில் அதே பதவியில், ஒப்பந்தத்தோடு இருப்பார்கள். அதே நிலைப் பதவிக்கு மாற அவர்களுடைய அணி அனுமதிக்க வேண்டியதில்லை. ஆகவே சந்தையில் மிஞ்சுவது மூன்று வகையினர்: பதவி பறிபோன தலைமைப் பயிற்சியாளர்கள், ஒரு பிரிவை மட்டும் கவனித்துவரும் இளையவர்கள், கல்லூரிப் பயிற்சியாளர்கள். சிறுபான்மையினரையும் நேர்காணலுக்கு அழைத்தே தீரவேண்டும் என்ற ரூனி விதி 2020 முதல் ஒருங்கிணைப்பாளர் பதவிகளுக்கும் பொருந்தும். எல்லாவற்றுக்கும் மேலாக நேரம் கிடையாது; ஒரே ஜனவரியில் பல அணிகள் ஒரே பெயர்களைத் துரத்தும்.

ஒரே வாரத்தில் பேக்கர்ஸ் அறிவித்த பெயர் ஜெஃப் ஹாஃப்லி. பாஸ்டன் கல்லூரியின் தலைமைப் பயிற்சியாளர், நான்கு பருவங்களில் 22 வெற்றி, 26 தோல்வி. ஊரே விழித்தது. கல்லூரி அணியின் தலைமையை விட்டுவிட்டு இன்னொருவருக்குக் கீழே வேலை பார்க்க ஒருவர் ஏன் வருவார்? ஆட்டக்காரர்கள் வருடாவருடம் கல்லூரி மாறுவதும், அவர்களுக்குப் பணம் திரட்டுவதுமே பயிற்சியாளரின் பிழைப்பாகிவிட்ட காலம் அது. பயிற்சி கொடுக்க மட்டும் ஓர் இடம் கிடைத்தால் போதும் என்று பலர் நினைக்கத் தொடங்கியிருந்தார்கள்.

தெரிந்தவர் என்ற இழையும் இருந்தது. ஹாஃப்லி 2017, 2018-இல் சான் பிரான்சிஸ்கோவில் தற்காப்பு ஒருங்கிணைப்பாளராக இருந்த ராபர்ட் சலேயின் கீழ் வேலை பார்த்தவர். அந்தச் சலே, லாஃப்ளூரின் திருமணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவர். லாஃப்ளூரின் தம்பி மைக்கும் அப்போது அதே அணியில் இருந்தார். இன்னும் பின்னால் போனால், கிளீவ்லாண்டில் மைக் பெட்டைன் தலைமைப் பயிற்சியாளராக இருந்தபோது அவரிடமும் ஹாஃப்லி வேலை செய்திருக்கிறார். 32 அணிகள் என்கிறோம். உள்ளே போய்ப் பார்த்தால் ஒரே தெரு.

ஆனால் இந்த முறை லாஃப்ளூரின் பயம் இடம் மாறியிருந்தது என்று நினைக்கிறேன். காத்திருக்கும் முறை போதும், பந்து வாங்குபவரின் மூக்கருகே நின்று மறிக்க வேண்டும், முன்வரிசை நால்வரும் யோசிக்காமல் பாய வேண்டும் என்பது ஹாஃப்லியின் வழி. அதற்கேற்ற ஆட்களையும் நிர்வாகம் வாங்கிக் கொடுத்தது. சேஃப்டிகளின் வரிசையே புதிதானது. நியூயார்க் ஜயண்ட்ஸிலிருந்து வந்த சேவியர் மெக்கின்னி முதல் ஐந்து ஆட்டங்களிலும் ஆட்டத்துக்கு ஒரு பந்தைப் பறித்தார். பருவம் முழுக்க 8. முந்தைய ஆண்டில் 18 முறை மட்டுமே பந்தைப் பறித்த தடுப்பாட்டம் 2024-இல் 31 முறை பறித்தது. இதில் ஹாஃப்லிக்கு எவ்வளவு, மெக்கின்னிக்கு எவ்வளவு என்று என்னைக் கேட்டால் மெக்கின்னிக்குத்தான் கூடுதலாகக் கொடுப்பேன்.

பழைய முறைதான் குற்றவாளி என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள். பேரி நீக்கப்பட்ட அதே வாரத்தில் மயாமியிலிருந்து விலகிய விக் ஃபாஞ்சியோ, அந்த முறையின் மூலவர், பிலடெல்பியா ஈகிள்ஸுக்குப் போனார். அவருடைய தடுப்பாட்டம் 2025 பிப்ரவரியில் கான்சஸ் சிட்டியை 40-22 என்று நசுக்கிச் சூப்பர் பவுல் வென்றது. வழியில் அது பேக்கர்ஸையும் விடவில்லை: பிரேசிலின் சாவ் பாலோவில் 34-29, பிளேஆஃபில் 22-10. அந்த இரண்டாவது ஆட்டத்தில் 22 புள்ளிகள் விட்டுக்கொடுத்த ஹாஃப்லியை எங்கள் பக்கத்தில் ஒருவரும் திட்டவில்லை. பந்தைத் தொலைத்துக்கொண்டே இருந்த தாக்குதல் ஆட்டத்தைத்தான் எல்லோரும் வைதார்கள். ஓர் ஆண்டுக்கு முன் 24 விட்டுக்கொடுத்த பேரி, அதற்குள் மயாமியில் லைன்பேக்கர்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார்.