சுகர் இருக்கு, பார்வை நல்லா தெரியுது, அப்புறம் எதுக்கு ரெட்டினா செக்கப்?

அப்பாவுக்கு பல வருஷமா சுகர், கண்ணாடி போட்டு பேப்பர் நல்லா படிக்கிறார், ஆனா டாக்டர் கண்ணு பாவையை விரிய வைக்கிற சொட்டு மருந்து விட்டு ரெட்டினாவை, அதாவது கண்ணுக்குள்ள பின்பக்கம் இருக்குற விழித்திரையை, பாக்கணும்ங்கறாங்க, இது நிஜமாவே தேவையா இல்ல காசு பிடுங்குற வேலையான்னு கேட்டிருக்கீங்க. தேவைங்க. தள்ளிப் போடாம கூட்டிட்டுப் போங்க. நான் ஆப்டோமெட்ரிஸ்ட், கண்ணாடி பவர் பாக்குறது, ஃபண்டஸ் போட்டோ, அதாவது ரெட்டினாவைப் படம் எடுக்குறதுதான் தினசரி வேலை, அதனால கொஞ்சம் விவரமாவே சொல்றேன்.

லாரி ஓட்டுற ஒரு அண்ணன் வந்திருந்தார். ஐம்பது வயசு இருக்கும். ரெண்டு கண்ணுலயும் சார்ட்ல 6/6, கடைசி எழுத்து வரைக்கும் தட்டாம வாசிச்சார். "இதுக்கு மேல என்ன தம்பி பாக்கணும், லோடு நிக்குது"ன்னு கிளம்பப் பாத்தார், ஏன்னா சொட்டு மருந்து விட்டா நாலஞ்சு மணி நேரம் வண்டி எடுக்க முடியாது. எப்படியோ பேசி உக்கார வச்சு மருந்து விட்டு போட்டோ எடுத்தா, ரெட்டினா பூரா பொடிப்பொடியா சிவப்புப் புள்ளி, ஒரு ஓரத்துல மஞ்சளா கொழுப்புப் படிவு, நரம்பு தொடங்குற இடத்துக்கு மேல புதுசா முளைச்ச மெல்லிசான ரத்தக்குழாய்ங்க. ஸ்க்ரீனைத் திருப்பிக் காட்டினதும் "இது என் கண்ணா?"ன்னுதான் கேட்டார். அந்த வாரமே லேசர் ஆரம்பிச்சாங்க, இப்பவும் வண்டி ஓட்டுறார்.

எழுத்து வாசிக்கிறது ரெட்டினாவோட நட்டநடுவுல இருக்குற மேக்குலாங்கற சின்ன இடத்தோட வேலை. அந்த இடம் நல்லா இருக்குற வரைக்கும் சுத்தி என்ன நடந்தாலும் சார்ட்ல தெரியாது, வலியும் இருக்காது. சுகர் அதிகமா இருந்து இருந்து ரெட்டினால இருக்குற மெல்லிசான ரத்தக்குழாய் சுவர் பலவீனமாகி அங்கங்க புடைச்சுக்கும், கசியும், சிலது அடைச்சே போயிடும். ரத்தம் கிடைக்காத பகுதி விஇஜிஎஃப்னு ஒரு புரதத்தை சுரந்து புதுக் குழாய்ங்களை வளர வைக்கும், ஆனா அதுங்களுக்கு வலுவே கிடையாது, ஒருநாள் உடைஞ்சு கண்ணுக்குள்ள ரத்தம் கொட்டிடும். "நூலாம்படை மாதிரி மிதக்குது சார்"னு ஓடி வர்றவங்கள்ல நிறைய பேர் இந்தக் கட்டத்துலதான் முதல் தடவையா ரெட்டினா டாக்டரைப் பாக்குறாங்க, எனக்கு மனசு கஷ்டமாயிடும், ஏன்னா அதுக்குப் பல வருஷம் முன்னாடியே போட்டோல தெரிஞ்சிருக்கும்.

இது அபூர்வமான வியாதியும் இல்ல. சென்னை நகரத்துல சங்கர நேத்ராலயா பண்ணி 2009ல வெளியிட்ட ஆய்வுல, சுகர் இருக்குறவங்கள்ல 100க்கு சுமார் 18 பேருக்கு ரெட்டினா பாதிப்பு இருந்துச்சு.

லேசரால ஆகிற காரியமான்னு சில பேர் கேப்பாங்க. 1970கள்ல அமெரிக்கால 1,700க்கும் மேல நோயாளிங்களை வச்சு ஒரு பெரிய ஆய்வு பண்ணாங்க, ஒவ்வொருத்தருக்கும் ஒரு கண்ணுக்கு மட்டும் லேசர், இன்னொரு கண்ணை அப்படியே விட்டு கவனிக்கிறது, அதே ஆளு, அதே சுகர், அதே பிரஷர், அதனால வித்தியாசம் லேசராலதான்னு சந்தேகமே இல்லாம சொல்லலாம். லேசர் பண்ண கண்ணுல கடுமையான பார்வை இழப்பு பாதிக்கும் மேல குறைஞ்சுது. ரிசல்ட் அவ்வளவு தெளிவா வந்ததால 1976லயே விதியை மாத்தி, விட்டு வச்ச கண்ணுக்கும் தேவைப்பட்டா லேசர் பண்ண அனுமதிச்சாங்க. என்னைக் கேட்டா கண் மருத்துவத்துல நடந்த அருமையான ஆய்வுகள்ல இது ஒண்ணு. இப்ப கண்ணுக்குள்ள போடுற ஊசியும் இருக்கு, மேக்குலா வீங்கியிருந்தா அதுக்கு அதைத்தான் முதல்ல போடுறாங்க, வீக்கம் எவ்வளவுன்னு ரெட்டினாவோட தடிமனை அளக்குற ஓசிடி ஸ்கேன்ல மைக்ரான் கணக்குல பாத்துடலாம்.

அடுத்தது ஏஐ. 2016ல கூகுள் ஆளுங்க 1,28,000 சொச்சம் ரெட்டினா போட்டோவைக் கொடுத்து, சுகரால வந்த பாதிப்பைக் கண்டுபிடிக்கப் பழக்கின ஒரு புரோகிராம் பத்தி ஜாமாங்கற மருத்துவ இதழ்ல எழுதினாங்க, அதுல நம்ம ஊர் அரவிந்த், சங்கர நேத்ராலயா படங்களும் உண்டு. 2019ல வந்த ஆய்வுல அந்த ரெண்டு ஆஸ்பத்திரிலயும் 3,049 பேர்கிட்ட சோதிச்சாங்க, ஆளுங்க படத்தைப் பாத்து பாதிப்பு எவ்வளவுன்னு போட்ட கிரேடுக்கு சமமாவோ மேலயோ வந்துச்சு. ரெட்டினா டாக்டர் இல்லாத ஊர்ல இது பெரிய வரம்னு நான் நம்புறேன். ஆனா கேட்டராக்ட்ங்கற கண்புரை முத்தியிருந்தாலோ பாவை சின்னதா இருந்தாலோ படம் மங்கலா வரும், மங்கலான படத்தை வச்சு எந்த மெஷினாலயும் சொல்ல முடியாது, அப்ப சொட்டு மருந்து விட்டு டாக்டர் நேரா பாத்தே ஆகணும்.

அப்பாவைக் கூட்டிட்டுப் போறப்ப கூலிங் கிளாஸ் எடுத்துக்கோங்க, வெயில் கூசும், அவரை வண்டி ஓட்ட விடாதீங்க. க்ளூகோமாங்கற கண் அழுத்த வியாதி இருக்கா, என்ன மாத்திரை சாப்பிடுறார்னு முன்னாடியே சொல்லிடுங்க. பாதிப்பு இல்லன்னா வருஷம் ஒரு தடவை போதும்னு சொல்லுவாங்க, இருந்தா சீக்கிரமா வரச் சொல்லுவாங்க. ரத்த பிரஷரையும் விட்டுடாதீங்க, பிரிட்டன்ல 1998ல முடிவு வெளியான ஆய்வுல பிரஷரைக் கட்டுக்குள்ள வச்சவங்களுக்கு ரெட்டினா மோசமாகுறது மூணுல ஒரு பங்கு குறைஞ்சிருக்கு. வரும்போது ஃபண்டஸ் போட்டோவை ஒரு காப்பி கேட்டு வாங்கி போன்ல வச்சுக்கோங்க, அடுத்த வருஷம் வேற ஊர்ல, வேற டாக்டர்கிட்ட காட்டினாலும் பக்கத்துல வச்சு ஒப்பிட்டுப் பாப்பாங்க.