ஸ்லோவில் நிற்காத புல்லட்

அன்புள்ள ஐயா,

அப்பா 1994இல் வாங்கிய புல்லட் 350 எங்கள் கொட்டகையில் ஒன்பது வருடம் சும்மா நின்றது. போன தை மாதம் வெளியே எடுத்தேன். பேட்டரி, ப்ளக், பெட்ரோல் பைப் எல்லாம் புதிது. ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் ஆக்சிலேட்டரிலிருந்து கையை எடுத்தால் அணைந்துவிடுகிறது. இறக்கத்தில் சைலன்சர் படபடவென்று வெடிக்கிறது. முதல் மெக்கானிக் ‘லீனா ஓடுது’ என்று ஏர் ஸ்க்ரூவை முழுக்க மூடினார். இரண்டாமவர் ப்ளக்கைக் கழற்றிப் பார்த்தார், ஒரே கரி, ‘ரிச்’ என்றார். மூன்றாமவர் கார்புரேட்டரையே மாற்றச் சொல்கிறார். கோத்தகிரி ஏறும்போது பாதி வழியில் திணறல் வேறு. அப்பாவுக்கு 76 வயது. திண்ணையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு ‘இது நம்ம வண்டி சத்தம் இல்லடா’ என்கிறார். புது கார்புரேட்டர் வாங்கிவிடலாமா?

ஆர்., மேட்டுப்பாளையம்

அன்புள்ள ஆர்.,

இப்போது வாங்காதீர்கள். முதல் இரண்டு மெக்கானிக்குகள் சொன்னதும் உண்மை. லீன் என்றால் பெட்ரோல் குறைவு, ரிச் என்றால் பெட்ரோல் தூக்கல். உங்கள் வண்டி லீனாகவும் ஓடுகிறது, ரிச்சாகவும் ஓடுகிறது. ஒருவர் ஸ்லோவில், அதாவது ஆக்சிலேட்டரைத் தொடாத ஓட்டத்தில் கேட்டார், இன்னொருவர் ஓட்டிவந்த ப்ளக்கைப் பார்த்தார்.

உங்கள் வண்டியில் இருப்பது மைக்கார்ப் விஎம்24 கார்புரேட்டராகத்தான் இருக்கும். அதில் பெட்ரோலை அளந்து கொடுப்பது ஒரே ஆள் இல்லை. ஆக்சிலேட்டரைத் தொடாதபோதும், எட்டில் ஒரு பங்கு திருப்பும் வரையிலும் ஸ்லோ ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும் (ஜெட் என்பது பெட்ரோல் வரும் சிறு துவாரமுள்ள பித்தளைத் துண்டு). அதற்கு மேல் கால் பங்கு வரை, ஆக்சிலேட்டரைத் திருப்பினால் மேலேறும் ஸ்லைடின் அடியில் சரிவாக வெட்டியிருக்கிறதே, அந்த வெட்டு. காலிலிருந்து முக்கால் வரை ஸ்லைடில் தொங்கும் ஊசியான நீடில். அதற்கு மேல் மெயின் ஜெட். ஒருவர் வேலை முடியுமுன் அடுத்தவர் வேலை தொடங்கிவிடும், கோடு கிழித்தாற்போல் இருக்காது. ஆனாலும் ‘ரிச்சா, லீனா?’ என்று யார் சொன்னாலும், ‘எவ்வளவு ஆக்சிலேட்டரில்?’ என்று திருப்பிக் கேளுங்கள். கைப்பிடியில் ஒரு துண்டு டேப் ஒட்டி கால், அரை, முக்கால் என்று கோடு போட்டுக்கொண்டு ஓட்டிப் பாருங்கள். எந்தக் கோட்டில் கோளாறு என்று தெரிந்தால், எந்தப் பாகத்தைக் கழற்றுவது என்பதும் தெரிந்துவிடும்.

உங்கள் ஸ்லோ ஜெட் அடைத்திருக்கிறது. நீங்கள் எழுதியதிலேயே தடயம் இருக்கிறது. ஏர் ஸ்க்ரூ காற்றின் வழி. அதை மூட மூடக் காற்று குறைந்து பெட்ரோல் தூக்கலாகும். முழுக்க மூடியும் வண்டி ஸ்லோவில் அணையாமல் நிற்கவில்லை என்றால், கூட்டுவதற்கு அங்கே பெட்ரோலே வரவில்லை. ஒன்பது வருடம் பவுலுக்குள், அதாவது கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்துக்குள், கிடந்த பெட்ரோல் ஆவியாகி, அரக்கு மாதிரிப் படிந்திருக்கும். இறக்கத்தில் வெடிப்பதும் பெரும்பாலும் இதனால்தான். சைலன்சரின் வளைந்த குழாய் (பெண்ட்) எஞ்சின் ஹெட்டில் சேரும் இடத்தில் காற்று வாங்குகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

பெட்ரோல் டேப்பை மூடி, கார்புரேட்டரைக் கழற்றிக் கவிழ்த்து, பவுலைத் திறங்கள். பவுல் ஸ்க்ரூக்களின் தலை சீக்கிரம் தேயும். பொருத்தமான முனையுள்ள ஸ்க்ரூ டிரைவரை அழுத்திப் பிடித்துத் திருப்புங்கள். நடுவில் மெயின் ஜெட் துருத்திக்கொண்டிருக்கும். பக்கத்தில் ஒரு குழி, அதன் ஆழத்தில் ஸ்லோ ஜெட். மெல்லிய ஸ்க்ரூ டிரைவரால் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சுத்தமான ஜெட்டில் ஊசிமுனை அளவுக்கு ஒரு பொட்டு வெளிச்சம், வட்டமாகத் தெரியும். உங்களுடையதில் ஒன்றும் தெரியாது, அல்லது பிறை மாதிரித் தெரியும். கார்புரேட்டர் க்ளீனரில் ஓர் இரவு ஊறப் போடுங்கள். காலையில் பழைய டூத் பிரஷ்ஷின் நார் ஒன்றைப் பிய்த்து விட்டு எடுங்கள், சைக்கிள் பம்பால் ஊதுங்கள், மறுபடி வெளிச்சத்தில் பிடியுங்கள். பொட்டு வட்டமாகும் வரை விடாதீர்கள். ஜெட் உட்கார்ந்திருந்த குழியையும் ஏர் ஸ்க்ரூவின் துவாரத்தையும் அதேபோல் ஊதவேண்டும். பெட்ரோல் ஆவி கிளம்பும் வேலை. திறந்த இடத்தில், அடுப்பும் விளக்கும் இல்லாத பக்கம் செய்யுங்கள்.

ஒன்றை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன், கம்பியால் குத்தாதீர்கள். கிளட்ச் கேபிளின் ஒற்றைக் கம்பியால் ஜெட்டைக் குத்துவது பட்டறைகளில் வழக்கம். நானும் குத்தியிருக்கிறேன். அடைப்பு போய்விட்டது, வண்டியும் ஸ்லோவில் அணையாமல் ஓடியது. பிறகு ஆறு மாதம் ஏர் ஸ்க்ரூவை எங்கே வைத்தாலும் புகை வாடை. ஜெட் பித்தளை, கம்பி எஃகு. துவாரம் ஒரு மயிரிழை அகன்றாலும் ஜெட்டில் அடித்திருக்கும் அளவு எண் பொய்யாகிவிடும். அதற்குப் பிறகு அந்த எண்ணை நம்பி எதையும் கணக்குப் போட முடியாது.

இனி கரி. ஸ்லோவில் நிற்காத வண்டி அணையாமல் இருக்க, ஸ்லைடைத் தூக்கிப் பிடிக்கும் ஸ்லைடு ஸ்க்ரூவை யாரோ ஏற்றியிருப்பார்கள், நீடிலையும் தூக்கியிருப்பார்கள். நீடிலின் தலையில் காடிகள் இருக்கின்றன, அவற்றில் ஒன்றில் கிளிப். கிளிப்பைக் கீழ்க்காடிக்கு மாற்றினால் நீடில் மேலே ஏறும், பெட்ரோல் தூக்கலாகும். நடுக்காடியில் வைத்துத் தொடங்குங்கள். அப்படியும் அரை ஆக்சிலேட்டரில் கரி வந்தால் நீடிலும் அது இறங்கும் நீடில் ஜெட்டும் தேய்ந்திருக்கின்றன. அந்த ஜோடியை மட்டும் மாற்றினால் போதும். ப்ளக்கின் முனை காய்ந்த வாழைச் சருகின் நிறத்தில் இருக்கவேண்டும்.

இன்னொரு சங்கதியும் இருக்கிறது. அப்பா ஓட்டிய காலத்துப் பெட்ரோல் இல்லை இது. இப்போது பங்க்கில் வருவதில் 20 சதவீதம் எத்தனால். வெறும் பெட்ரோல் ஒரு பங்கு எரிய சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும், எடைக் கணக்கில். இந்தக் கலவைக்கு சுமார் 13.5 போதும். அதே ஜெட்டில் அதே அளவு போனாலும் கலவை கொஞ்சம் லீனாகிவிடும். புது வண்டியில் சென்சார் பார்த்துக்கொள்ளும், உங்கள் வண்டிக்கு உங்கள் காதுதான். முழு ஆக்சிலேட்டரில் இழுவை குறைந்து, ஹெட் அளவுக்கு மீறிச் சூடானால் மெயின் ஜெட்டை ஓர் அளவு கூட்டலாம். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். இரண்டு வாரம் ஓட்டப்போவதில்லை என்றால் பெட்ரோல் டேப்பை மூடி, பவுல் காலியாகித் தானே அணையும்வரை ஓடவிடுங்கள்.

கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. கீழேயே ரிச்சாக இருக்கும் வண்டி மேலே போனால் மூச்சு முட்டத்தான் செய்யும். கீழே சரியானால் மேலேயும் பெரும்பாலும் சரியாகிவிடும். மலையிலேயே பல நாள் ஓட்டப்போகிறீர்கள் என்றால் மட்டும் கிளிப்பை ஒரு காடி மேலே ஏற்றுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால், ப்ளக்கில் தீப்பொறி வரவைக்கும் பாயிண்டின் இடைவெளியையும் வால்வைத் திறக்கும் டாப்பெட்டின் இடைவெளியையும் பார்த்துவிடுங்கள். பாயிண்ட் 0.35லிருந்து 0.40 மில்லிமீட்டர். பாயிண்ட் கருகிய வண்டியில் கார்புரேட்டரை டியூன் செய்வது வீண்.

அந்த மூன்றாமவர் சொன்னது எப்போது சரி என்றால், ஸ்லைடு தேய்ந்தபோது. ஸ்லைடை உள்ளே விட்டு விரலால் முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கடகடவென்று ஆடினால் அந்த இடுக்கில் காற்று புகும், எந்த ஜெட்டாலும் அதைச் சரிசெய்ய முடியாது. அப்போது புது கார்புரேட்டர் வாங்குங்கள்.

எல்லாம் மாட்டிய பிறகு பத்து கிலோமீட்டர் ஓட்டி, சூடாக இருக்கும்போதே திண்ணைக்கு முன்னால் நிறுத்துங்கள். ஏர் ஸ்க்ரூவை மெதுவாக மூடி, அங்கிருந்து ஒன்றரைச் சுற்று திறங்கள். பிறகு கால் கால் சுற்றாகத் திருப்புங்கள், ஒவ்வொரு திருப்பத்துக்கும் பத்து எண்ணும் நேரம் பொறுங்கள். ஓட்டம் கூடிக்கூடி ஓர் இடத்தில் சீராகும். ஸ்லைடு ஸ்க்ரூவால் வேகத்தைக் குறைத்து, மறுபடி ஒருமுறை திருப்பிப் பாருங்கள். அந்தச் சீரான இடத்தை என்னைவிட, உங்களைவிட, அப்பா நன்றாகச் சொல்வார். ‘போதும்’ என்று அவர் சொல்லும் இடத்தில் ஸ்க்ரூவை விட்டுவிடுங்கள்.

எத்தனை சுற்றில் சொன்னார் என்றும், இரண்டு ஜெட்டிலும் என்ன எண் இருக்கிறது என்றும் எனக்கு எழுதுங்கள். முக்கால் சுற்றுக்குள் என்றால் ஸ்லோ ஜெட்டை இன்னொரு ராத்திரி ஊறப்போட வேண்டியிருக்கும்.